குழு இடைவெளிப் பயிற்சி வீணா? ஒரு மறுப்பு

குழு இடைவெளிப் பயிற்சி வகுப்பு 45 நிமிடம் முதல் ஒரு மணி நேரம் வரை நடக்கும். பத்திலிருந்து முப்பது பேர் வரை கூடுவார்கள். பயிற்றுநர் ஒருவர் முன்னின்று நடத்துவார். 20 விநாடி முதல் 4 நிமிடம் வரை மூச்சு வாங்கும்படியான உழைப்பு, பிறகு சிறு ஓய்வு அல்லது மெதுவான அசைவு, மறுபடியும் உழைப்பு என்று நேரம் பகுக்கப்பட்டிருக்கும். டிரெட்மில், துடுப்பு இயந்திரம், டம்பெல், கெட்டில்பெல் என எதை வைத்தும் இதை நடத்தலாம். எதுவுமே இல்லாத வெறுந்தரையும் போதும். 2010-ல் அமெரிக்காவின் புளோரிடாவில் தொடங்கிய ஆரஞ்ச்தியரி, ஆஸ்திரேலியாவின் சிட்னியில் பிறந்த எஃப்45, 2016-ல் பெங்களூரில் தொடங்கிய கல்ட்.ஃபிட் போன்ற நிறுவனங்கள் இதைப் பெரும் வணிகமாக்கின. இன்று தமிழ்நாட்டு நகரங்களின் ஜிம்களிலும் பூங்காக்களிலும் கடற்கரையிலும் காலை பேட்ச், மாலை பேட்ச் என்று இது நடக்கிறது.

இந்த வகுப்புகள் தேவையற்றவை என்ற கருத்து பரவலாக இருக்கிறது. அதற்குச் சொல்லப்படும் காரணங்கள் ஐந்து. இது நேற்று வந்து நாளை போகும் மேல்நாட்டு மோகம், நடைப்பயிற்சியே போதும், கடும் உழைப்பு இதயத்துக்கு ஆபத்து, யூடியூபைப் பார்த்து வீட்டிலேயே செய்துகொள்ளலாம், கட்டும் பணம் வீண். ஐந்தையும் தனித்தனியே சோதித்தால் ஒன்றும் முழுதாகத் தேறுவதில்லை. சிலவற்றில் பாதி உண்மை உண்டு. அந்தப் பாதி உண்மையும் நல்ல பயிற்றுநர் ஒருவரின் தேவையைத்தான் வலியுறுத்துகிறது.

புதிய மோகமா?

உழைப்பையும் ஓய்வையும் மாற்றி மாற்றி வைக்கும் முறைக்கு ஏறத்தாழ தொண்ணூறு வயதாகிறது. 1930-களில் ஜெர்மனியில் பயிற்றுநர் வோல்டமார் கெர்ஷ்லரும் இதய மருத்துவர் ஹெர்பர்ட் ரைண்டெலும் இதை முறைப்படுத்தினார்கள். ஓட்டத்தில் இதயத்துடிப்பு நிமிடத்துக்கு 180 வரை ஏறும். 120 அளவுக்கு இறங்கும்வரை வீரர் காத்திருப்பார். பிறகு அடுத்த ஓட்டம். கெர்ஷ்லரின் மாணவர் ருடால்ஃப் ஹார்பிக் 1939-ல் மிலான் நகரில் 800 மீட்டரை 1 நிமிடம் 46.6 விநாடியில் ஓடினார். அந்த உலகச் சாதனையை முறியடிக்க 1955 வரை யாராலும் முடியவில்லை. செக்கோஸ்லோவாக்கியாவின் எமில் ஜாடோபெக் 400 மீட்டர் ஓட்டங்களைத் திரும்பத் திரும்ப ஓடிப் பழகி, 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் 5,000 மீட்டர், 10,000 மீட்டர், மாரத்தான் மூன்றிலும் தங்கம் வென்றார்.

இந்த முறைக்கு ஆய்வுக்கூடச் சான்றும் பழையதே. 1996-ல் ஜப்பானின் இசுமி தபாட்டா குழு ஆறு வாரச் சோதனை ஒன்றை வெளியிட்டது. ஒரு பிரிவினர் வாரம் ஐந்து நாள், நாளுக்கு ஒரு மணி நேரம் மிதமாகச் சைக்கிள் மிதித்தார்கள். மற்றொரு பிரிவினர் 20 விநாடி முழு வேகம், 10 விநாடி ஓய்வு என ஏழெட்டுச் சுற்று மிதித்தார்கள். உச்ச உழைப்பில் உடல் பயன்படுத்தக்கூடிய ஆக்சிஜனின் அளவு இரு பிரிவுக்கும் கூடியது. ஆக்சிஜன் போதாத நிலையிலும் உழைக்கும் திறன் இரண்டாம் பிரிவினருக்கு மட்டும் 28% உயர்ந்தது.

ஆசானுக்கு முன் கூட்டமாக நின்று உடலைப் பழக்குவதும் தமிழ் மண்ணுக்குப் புதிதல்ல. சிலம்பக் களம் அப்படித்தான் இயங்குகிறது. 1920-ல் ஹாரி குரோ பக் சென்னையில் தொடங்கிய ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியிலிருந்து தலைமுறை தலைமுறையாக உடற்கல்வி ஆசிரியர்கள் வெளிவந்திருக்கிறார்கள். இன்றைய வகுப்பில் புதியவை விளக்கும் இசையும் சுவரில் ஒளிரும் திரையும்தான். முறை பழையது, சோதிக்கப்பட்டது.

நடை மட்டும் போதுமா?

நடைப்பயிற்சி நல்லது, அதை யாரும் கைவிட வேண்டியதில்லை. தமிழ்நாடு அரசு 2023 நவம்பரில் ‘நடப்போம் நலம் பெறுவோம்’ என்ற பெயரில் மாவட்டந்தோறும் 8 கிலோமீட்டர் நடைபாதைகளைத் தொடங்கியது வரவேற்கத்தக்கது. ஆனால் நடை நல்லது என்பதிலிருந்து நடை போதும் என்ற முடிவு வந்துவிடாது.

உலகச் சுகாதார நிறுவனத்தின் 2020-ஆம் ஆண்டு வழிகாட்டுதல் பெரியவர்களுக்கு இரண்டு கடமைகளை வைக்கிறது. ஒன்று, வாரம் 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பு, அல்லது 75 முதல் 150 நிமிடம் கடும் உழைப்பு. மற்றொன்று, தசைகளை வலுப்படுத்தும் பயிற்சி வாரம் இரண்டு நாளாவது. மிதமான உழைப்பு என்றால் பேச முடியும், பாட முடியாது என்ற அளவுக்கு மூச்சு ஏற வேண்டும். கதை பேசிக்கொண்டே பூங்காவை நாலு சுற்று வருவது பெரும்பாலோருக்கு அந்த அளவை எட்டுவதில்லை. இரண்டாவது கடமையை எவ்வளவு நடந்தாலும் நிறைவேற்ற முடியாது. உட்கார்ந்து எழவும் குனிந்து தூக்கவும் தேவையான தொடை, இடுப்பு, முதுகுத் தசைகள் சுமை ஏறினால்தான் வலுப்பெறும்.

நடையிலேயே இடைவெளி முறையைப் புகுத்தினால் என்ன ஆகும் என்று கோபன்ஹேகன் ஆய்வாளர்கள் சோதித்தார்கள். 2013-ல் வெளியான அந்த ஆய்வில் இரண்டாம் வகை நீரிழிவு உள்ளவர்கள் வாரம் ஐந்து நாள், நாளுக்கு ஒரு மணி நேரம், நான்கு மாதம் நடந்தார்கள். ஒரு பிரிவு சீரான வேகத்தில் நடந்தது. மற்றது மூன்று நிமிடம் வேகம், மூன்று நிமிடம் நிதானம் என்று நடந்தது. இரு பிரிவும் செலவிட்ட ஆற்றல் சமம். ஆயினும் உச்ச ஆக்சிஜன் அளவு இடைவெளி நடையாளர்களுக்கு மட்டும் 16% உயர்ந்தது. உடல் எடையும் சர்க்கரைக் கட்டுப்பாடும் மேம்பட்டன. சீராக நடந்தவர்களிடம் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை. நேரமும் ஆற்றலும் சமமாக இருந்தும் பலன் வேறுபட்டதற்குக் காரணம் இடையிடையே ஏறிய வேகம்தான்.

தமிழ்நாட்டில் இந்த வேறுபாட்டுக்குப் பெரும் பொருள் உண்டு. சென்னை நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளை முன்னின்று நடத்தி 2023-ல் வெளியான ஐ.சி.எம்.ஆர்.-இந்தியாப் ஆய்வு, நாட்டில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு இருப்பதாகக் கணக்கிட்டது. இரத்தத்திலுள்ள சர்க்கரையைப் பெருமளவில் எடுத்துக்கொள்ளும் உறுப்பு எலும்புத் தசை. உழைக்கும் தசை இன்சுலின் குறைவாக இருந்தாலும் சர்க்கரையை உள்ளே இழுத்துக்கொள்ளும். நடையில் வேலை செய்பவை பெரும்பாலும் கால்கள். துடுப்பு வலித்து, எடை தூக்கி, உட்கார்ந்தெழும் வகுப்பில் உடம்பின் பெரிய தசைகள் எல்லாமே வேலை செய்கின்றன.

நடை மட்டும் போதாது என்பதற்கு நேரமும் ஒரு காரணம். உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்கில் 2022-ல் இந்தியப் பெரியவர்களில் ஏறத்தாழ பாதிப் பேர் போதிய உடலுழைப்பு இல்லாதவர்கள். பெண்களில் இது 57%, ஆண்களில் 42%. கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் மார்ட்டின் கிபாலா குழு 2016-ல் வெளியிட்ட ஆய்வில் உடலுழைப்பற்ற ஆண்கள் வாரம் மூன்று முறை பயிற்சி செய்தார்கள். ஒரு பிரிவு 45 நிமிடம் மிதமாகச் சைக்கிள் மிதித்தது. மற்றொரு பிரிவு 10 நிமிடம் மட்டும் மிதித்தது. அதில் 20 விநாடிக் கடும் வேகம் மூன்று முறை. பன்னிரண்டு வாரத்தில் இரு பிரிவுக்கும் உச்ச ஆக்சிஜன் அளவு ஏறத்தாழ ஒரே அளவு, 19% வாக்கில் உயர்ந்தது. நேரமில்லை என்று சொல்வோருக்கு இதைவிட நல்ல செய்தி இருக்க முடியாது.

இதயத்துக்கு ஆபத்தா?

ஐந்து காரணங்களில் கனமானது இது. 2021 அக்டோபரில் கன்னட நடிகர் புனித் ராஜ்குமார் காலை உடற்பயிற்சிக்குப் பின் நெஞ்சுவலி ஏற்பட்டு 46 வயதில் இறந்தார். அதன்பின் ஜிம் என்றாலே மாரடைப்பு என்ற அச்சம் பல வீடுகளில் குடிகொண்டது. அச்சம் இயல்பானது. ஆனால் ஒரு மரணத்தைக் கொண்டு காரணத்தை நிறுவ முடியாது. அதற்குப் பெருந்தொகையான கணக்கு வேண்டும்.

அந்தக் கணக்கு இருக்கிறது. மாரடைப்பு வந்தவர்களை விசாரித்து 1993-ல் அமெரிக்காவில் வெளியான மிட்டில்மன் குழுவின் ஆய்வு, கடும் உழைப்பைத் தொடர்ந்த ஒரு மணி நேரத்தில் மாரடைப்பு வாய்ப்பு கூடுவதை உறுதி செய்தது. எவ்வளவு கூடுகிறது என்பது மனிதருக்கு மனிதர் மாறியது. வாரம் ஒரு முறைகூட உழைக்காதவர்களுக்கு அது 107 மடங்கு. வாரம் ஐந்து முறையாவது உழைப்பவர்களுக்கு 2.4 மடங்கு. ஆகவே பழகாத உடம்பைத் திடீரென்று வருத்துவதில்தான் பேராபத்து இருக்கிறது. பழக்கம் ஏற ஏற அந்த ஆபத்து பெரிதும் இறங்குகிறது. உழைப்பையே தவிர்ப்பவர் என்றைக்கோ பேருந்தைத் துரத்தி ஓடும்போதும் மாடிக்கு மூட்டை தூக்கும்போதும் 107 மடங்கு வரிசையில்தான் நிற்கிறார்.

இதய நோயாளிகளிடமே கடும் இடைவெளிப் பயிற்சி சோதிக்கப்பட்டிருக்கிறது. நார்வேயின் மூன்று இதய மறுவாழ்வு மையங்களில் 4,846 நோயாளிகள் செய்த பயிற்சியை 2012-ல் தொகுத்தார்கள். மிதமான பயிற்சியின் 1,29,456 மணி நேரத்தில் இதயம் நின்று ஒருவர் இறந்தார். கடும் இடைவெளிப் பயிற்சியின் 46,364 மணி நேரத்தில் இருவருக்கு இதயம் நின்றது; இருவரும் பிழைத்தார்கள். விகிதம் கடும் பயிற்சியில் கூடுதல்தான். ஆயினும் நோயுற்ற இதயங்களிலும் அது மிகக் குறைவு. அந்த நாட்டின் டிரான்ட்ஹைம் நகரில் 70 முதல் 77 வயதுள்ள 1,567 பேரை ஐந்தாண்டு பின்தொடர்ந்த ஆய்வு 2020-ல் வெளியானது. இடைவெளிப் பயிற்சிப் பிரிவில் 3%, மிதப் பயிற்சிப் பிரிவில் 5.9%, நாட்டின் பொது அறிவுரையை மட்டும் பின்பற்றிய பிரிவில் 4.7% பேர் இறந்திருந்தார்கள். இந்த வேறுபாடுகள் தற்செயலாகவும் இருக்கலாம். எனவே இடைவெளிப் பயிற்சி ஆயுளைக் கூட்டும் என்று இதை வைத்துச் சொல்லக் கூடாது. முதியவர்களுக்கு அது எமன் என்று சொல்லவும் இதில் இடமில்லை.

உண்மையான ஆபத்து முதல் வகுப்பில் இருக்கிறது. 2017-ல் அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்று, முதன்முறை சைக்கிள் வகுப்புக்குப் போய் அளவு தெரியாமல் மிதித்துத் தசை சிதைந்து மருத்துவமனைக்கு வந்தவர்களைப் பற்றி எழுதியது. சிதைந்த தசையின் புரதம் இரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தைத் தாக்கும். சிறுநீர் கறுத்துப் போவது அதன் அடையாளம். வகுப்பை எதிர்ப்பவர்கள் இதைத் தங்கள் சான்றாகக் காட்டுகிறார்கள். புதியவரைப் பழையவரோடு ஓடவிடும் பயிற்றுநருக்கு எதிரான சான்றாக மட்டுமே இதைக் கொள்ள முடியும். முதல் நாளில் பாதிச் சுற்றோடு நிறுத்தி உட்காரவைப்பவர் இருந்தால் இது நேராது.

வீடியோ போதுமா?

திரையில் வருபவர் எதிரே இருப்பவரைப் பார்ப்பதில்லை. ஸ்குவாட் செய்கையில் முழங்கால் உள்நோக்கி மடிவதும், எடையைத் தூக்கும்போது முதுகு வளைவதும், முகம் வெளிறுவதும் அவர் கண்ணுக்குப் படாது. பயிற்றுநரின் வேலை இவற்றைப் பார்ப்பதே. அதோடு, இன்னும் முடியும் என்பவரை ஒரு படி ஏற்றுவதும், முடியாதவரை இறக்குவதும் அவர் பொறுப்பு.

மேற்பார்வையின் பலன் அளந்து காட்டப்பட்டிருக்கிறது. அமெரிக்காவின் பால் ஸ்டேட் பல்கலைக்கழகம் 2000-ல் வெளியிட்ட ஆய்வில் இரு பிரிவினருக்கு ஒரே எடைப் பயிற்சித் திட்டத்தைக் கொடுத்துப் பன்னிரண்டு வாரம் செய்யச் சொன்னார்கள். ஒரு பிரிவுக்குப் பயிற்றுநர் உடனிருந்தார். மற்றது தானாகச் செய்தது. மேற்பார்வை பெற்றவர்களே அதிக வலிமை பெற்றார்கள். அவர்கள் எடையை விரைவாக ஏற்றிக்கொண்டே போனதுதான் காரணம். தனியாகச் செய்பவர் தனக்கு வசதியான எடையிலேயே நின்றுவிடுகிறார்.

கூட்டத்துக்கும் ஓர் ஆற்றல் உண்டு. 1920-களில் ஜெர்மன் உளவியலாளர் ஓட்டோ கோலர் பெர்லின் படகோட்டிகளை எடை தாங்கச் சொல்லிச் சோதித்தார். தன்னைவிடச் சற்றே வலியவருடன் இணைந்தபோது மெலிந்தவர் தனியாகத் தாங்கியதைவிட நீண்ட நேரம் தாங்கினார். கனடாவின் ஆல்பர்ட் காரன் முதலியோர் 2006-ல் தொகுத்த ஆய்வுகள் இன்னொன்றையும் காட்டின. ஒருவரையொருவர் அறிந்து, குழுவாக ஒட்டிக்கொண்ட வகுப்புகளே பங்கேற்பில் சிறந்தன. எந்தத் துணையுமின்றி வீட்டில் தனியே செய்வது கடைசியில் நின்றது. வெறும் கூட்டமாக நடக்கும் வகுப்பு, ஒருவர் அவ்வப்போது விசாரிக்கும் வீட்டுப் பயிற்சியைவிட மேலாக இல்லை. ஆளின் பெயரைத் தெரிந்துவைத்து, வராத நாளில் ஏன் வரவில்லை என்று கேட்கும் இடமே வகுப்பு என்று சொல்லத் தகுந்தது.

பெண்களுக்கு இது இன்னும் பொருந்தும். வீட்டில் பாய் விரித்தால் நடுவில் குக்கர் விசிலடிக்கும், அழைப்புமணி ஒலிக்கும், பிள்ளை கூப்பிடும். வீட்டைவிட்டு வெளியே, குறித்த நேரத்தில், தோழியர் காத்திருக்கும் பேட்ச் ஒன்று அந்த ஒரு மணி நேரத்தை அவர்களுக்கென்று காத்துக்கொடுக்கிறது.

பணம் வீணா?

வீணாவது உண்டு. 2006-ல் டெல்லாவிக்னா, மால்மென்டியர் என்ற இரு பொருளியலாளர்கள் அமெரிக்காவின் மூன்று உடற்பயிற்சி நிலையங்களில் 7,752 உறுப்பினர்களின் வருகையை ஆராய்ந்தார்கள். மாதம் 70 டாலருக்கு மேல் கட்டியவர்கள் மாதத்துக்குச் சராசரி 4.3 முறைதான் வந்தார்கள். ஒரு வருகைக்கு 17 டாலருக்கு மேல் ஆனது. வந்த தடவைக்கு மட்டும் கட்டும் சீட்டு எடுத்திருந்தால் 10 டாலரில் முடிந்திருக்கும்.

இந்த நட்டம் கட்டண முறையால் வருவது. பயிற்சி முறைக்கு இதில் பழி இல்லை. வகுப்புக்கு வகுப்பு கட்டுபவருக்கு இந்த நட்டம் நேராது. சந்தா கட்டிவிட்டு வராமல் இருப்பவருக்கே நேரும். வருகை நேரம் குறித்து, பெயர் பதிந்து நடக்கும் வகுப்பில் போகாமல் இருப்பது கடினம். எப்போது வேண்டுமானாலும் போகலாம் என்ற ஜிம் சந்தாதான் எளிதில் மறக்கப்படுகிறது. மேலும், இடைவெளிப் பயிற்சிக்கு விலையுயர்ந்த இயந்திரம் எதுவும் அடிப்படைத் தேவையல்ல. ஒரு மைதானம், ஒரு விசில், ஒரு கடிகாரம், தேர்ந்த ஒருவர் ஆகியவை போதும்.

வணிகத்தின் மிகைச்சொல்

வகுப்பை ஆதரிப்பவர்கள் கைவிட வேண்டிய பொய்களும் இருக்கின்றன. பயிற்சி முடிந்த பின்னும் ஒன்றரை நாள்வரை கொழுப்பு எரிந்துகொண்டே இருக்கும் என்ற விளம்பரம் அவற்றில் முதன்மையானது. பயிற்சிக்குப் பின் உடல் கூடுதல் ஆக்சிஜன் எடுப்பது உண்மை. 2006-ல் வெளியான மதிப்பாய்வின்படி அந்தக் கூடுதல், பயிற்சிக்கு ஆன செலவில் 6 முதல் 15% மட்டுமே. 400 கலோரி செலவான வகுப்புக்குப் பின் 24 முதல் 60 கலோரி கூடும். எடை குறைப்பதிலும் இடைவெளிப் பயிற்சி மிதமான பயிற்சியைவிடப் பெரிதாக மேம்பட்டதல்ல. சோற்றின் அளவே அதைத் தீர்மானிக்கும்.

ஒரு மணி நேர ‘தபாட்டா’ வகுப்பு நடத்துவோர் தபாட்டாவின் சோதனையில் முழு வேகச் சுற்றுகள் நான்கே நிமிடம் என்பதை மறைக்கிறார்கள். சுவர்த்திரையில் காட்டும் இதயத்துடிப்பு வண்ணங்களும் வேதமல்ல. 220-லிருந்து வயதைக் கழித்து உச்சத் துடிப்பைக் கணிக்கும் வாய்ப்பாடு தனிமனிதருக்குப் பத்துப் பன்னிரண்டு துடிப்பு வரை எளிதில் பிசகும். பேச முடிகிறதா என்ற கேள்வி அதைவிட நம்பகமானது. நாள்தோறும் கடும் வகுப்பு என்பதும் தவறு. வாரத்தில் இரண்டு, மிஞ்சினால் மூன்று போதும். நடை மற்ற நாள்களுக்கு உரியது. வேகமாகத் தூக்கும் சிறு எடைகள் வலிமைக்கு முழுதாக ஈடாகாது. படிப்படியாக எடை ஏறும் பயிற்சியும் அட்டவணையில் இருக்க வேண்டும்.

யாருக்கு, எந்த வகுப்பு

நீரிழிவு, உயர் இரத்த அழுத்தம், மூட்டுக் கோளாறு உள்ளவர்களும், குடும்பத்தில் இளவயது மாரடைப்பு கண்டவர்களும், நாற்பதைக் கடந்து நெடுநாள் உழைக்காமல் இருந்தவர்களும் மருத்துவரைப் பார்த்துவிட்டுத் தொடங்க வேண்டும். உழைக்கும்போது நெஞ்சில் இறுக்கமோ தலைசுற்றலோ வந்திருந்தால் அதற்குரிய பரிசோதனை முடியும்வரை வகுப்பு கூடாது. கருவுற்றவர்கள் மகப்பேறு மருத்துவரின் சொற்படி நடக்க வேண்டும்.

வகுப்பைத் தேர்வதற்கு அளவுகோல்கள் தெளிவானவை. சேர்வதற்கு முன் நோயும் மருந்தும் கேட்டறிகிறார்களா? ஒவ்வோர் அசைவுக்கும் எளிய மாற்று சொல்லித் தருகிறார்களா? பத்து நிமிடமாவது உடலைச் சூடேற்றிய பின் தொடங்குகிறார்களா? ஒரு பயிற்றுநரின் பார்வைக்குள் அடங்கும் எண்ணிக்கைதானா? நிறுத்துகிறேன் என்பவரைக் கேலி செய்யாமல் நிறுத்தவிடுகிறார்களா? முதலுதவி தெரிந்தவர் இருக்கிறாரா? இவற்றில் ஒன்றுக்கு இல்லை என்ற பதில் வந்தாலும் வேறு இடம் தேட வேண்டும். எல்லாவற்றுக்கும் ஆம் என்றால் ஒரு சோதனை வகுப்போடு தொடங்கி, எட்டு முதல் பன்னிரண்டு வாரம் பாதி வேகத்திலிருந்து படிப்படியாக ஏறிப் பார்க்கலாம். மேலே சொன்ன ஆய்வுகளில் பல பலன் கண்டதும் ஆறு வாரம் முதல் நான்கு மாதத்துக்குள்தான்.

ஆக, பயிற்றுநர் நடத்தும் குழு இடைவெளிப் பயிற்சி முயன்று பார்க்கத் தகுந்தது. உட்கார்ந்தே வேலை செய்து நடையோடு நின்றுவிட்டவர்களுக்கும், தனியாகத் தொடங்கித் தொடர முடியாதவர்களுக்கும் அது மிகவும் தகுந்தது. மாநகராட்சிப் பூங்காக்களிலும் பள்ளி மைதானங்களிலும் உடற்கல்வி ஆசிரியர்களைக் கொண்டு குறைந்த கட்டணத்தில் காலை, மாலை பேட்ச்களை நடத்த உள்ளாட்சி அமைப்புகள் முன்வர வேண்டும். நடைபாதை போட்ட அரசுக்கு அது அடுத்த படி. இந்தப் பயிற்சி காசுள்ளவர்களோடு நின்றுவிடக் கூடாது.